டியூப் அடிக்கடி போகிறதா? டயரை விட்டு ரிம் டேப்பைப் பாருங்கள்

புது டியூப் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் எழுந்து பார்த்தால் பின்சக்கரம் தரையோடு உட்கார்ந்திருக்கும். டயரைச் சுற்றித் தடவினால் முள் இல்லை, ஆணி இல்லை, கண்ணாடிச் சில்லும் இல்லை. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் இன்னொரு டியூப் மாற்றித் தருவார்கள். என் அக்காள் மகனின் பள்ளி சைக்கிளுக்கு ஒரே மாதத்தில் மூன்று டியூப் இப்படித்தான் போனது. பையன் கண்ட இடத்தில் ஓட்டுகிறான் என்று அக்காள் அவனைத் திட்டினார். நான் செம்பனைக் காட்டுச் சாலையின் கல்லைக் குறை சொன்னேன்.

நான்காவது முறை டியூபைக் கழற்றி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. காற்றுக் குமிழி வந்தது டயர் பக்கத்தில் அல்ல, ரிம் பக்கத்தில். பையன் மீதும் தவறில்லை, சாலை மீதும் தவறில்லை. ரிம்முக்குள் கிடந்த ரப்பர் பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி, நான்கைந்து துளைகள் வாயைத் திறந்துகொண்டு இருந்தன. சில ரிங்கிட் விலையுள்ள பட்டையை மாற்றாமல் மூன்று டியூபுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம்.

பணம் போனது ஒரு பக்கம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முன்சக்கரக் காற்று, குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் திடீரென்று இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய விஷயம். அதனால் இந்த ரிம் டேப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஓட்டை எந்தப் பக்கம்?

டியூபைக் கழற்றும் முன்பு, வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். டியூபின் எந்தப் பக்கம் சங்கிலியை நோக்கி இருந்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். இந்த இரண்டும் தெரிந்தால், டியூபில் ஓட்டை கண்ட இடத்துக்கு நேராக டயரிலும் ரிம்மிலும் எது இருக்கிறது என்று தேடிப் பிடிக்கலாம்.

ஓட்டை வெளிவட்டத்தில், அதாவது டயர் பக்கம் இருந்தால், முள்ளோ கம்பியோ குத்தியிருக்கிறது. டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள், குத்தியது துணியில் சிக்கும். இரண்டு சிறு கீறல்கள் பக்கம் பக்கமாக இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டிக் குழியில் விழுந்தபோது ரிம் விளிம்பு டியூபை நசுக்கியிருக்கிறது. வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால், வால்வுத் துளையின் ஓரம் கூராக இருக்கலாம், அல்லது வால்வு கோணலாக நின்றிருக்கலாம்.

ஓட்டை உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் ரிம் டேப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு முன்னடையாளம் ஒன்றும் உண்டு. டியூபின் உள்வட்டத்தில் ஏறக்குறைய 5 செ.மீ. இடைவெளியில் வட்ட வட்டமாகக் கொப்புளம் போன்ற தடங்கள் வரிசையாகத் தெரியும். 36 ஸ்போக் கம்பி உள்ள பெரிய சக்கரத்தில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள தூரம் அதுதான். தடம் தெரிந்தால் அந்த டியூப் இன்னும் ஓட்டையாகாமல் இருந்தாலும், ஆகப் போகிறது என்று பொருள்.

ரிம் டேப் செய்யும் வேலை

சக்கரத்தின் ஸ்போக் கம்பிகள் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து கிளம்பி ரிம்மில் வந்து முடிகின்றன. அங்கே ஒவ்வொரு கம்பியையும் நிப்பிள் என்னும் சிறிய பித்தளை நட்டு பிடித்திருக்கிறது. நிப்பிளின் தலை ரிம்மின் உட்பக்கம் இருக்கும். காற்று அடித்த டியூப் நேராக அதன்மேல் உட்கார்ந்தால் நிப்பிள் தலையோ துளையின் விளிம்போ டியூபை அறுத்துவிடும். இடையில் ஒரு பட்டை போட்டு மூடுகிறோம். அந்தப் பட்டைதான் ரிம் டேப். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிடப்பதால் சைக்கிள் வாங்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. மலிவு விலை சைக்கிள்களில் செலவைக் குறைக்க வசதியான இடமும் அதுதான்.

ரிம்மில் இரண்டு விதம் உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய காலத்து ரிம் ஒரே தகடு. வளைத்த வாய்க்கால் போல இருக்கும், நிப்பிள் தலை அந்த வாய்க்காலின் நடுவில் புடைத்து நிற்கும். இதை ஒற்றைச் சுவர் ரிம் என்பார்கள். இப்போது வரும் நல்ல அலுமினிய ரிம்கள் பெட்டி போல இரண்டு தகடு கொண்டவை. நிப்பிள் கீழ்த்தகட்டில் உட்கார்ந்திருக்கும். அதை உள்ளே போட்டு முறுக்குவதற்காக மேல்தகட்டில் 8, 9 மி.மீ. அகலத்துக்குப் பெரிய துளைகள் போட்டிருப்பார்கள். இது இரட்டைச் சுவர் ரிம்.

முதல் வகையில் பட்டையின் வேலை புடைப்பிலிருந்து டியூபைக் காப்பது. இரண்டாம் வகையில் அதன் வேலை பள்ளத்தின் மேல் பாலமாக நிற்பது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே பட்டை செய்யாது.

தோட்டத்து சைக்கிளும் பழைய டியூப் பட்டையும்

பேராவில் ரப்பருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1877-இல் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் முதிய ரப்பர் மரத்தைக் கோலகங்சாரில் இன்றும் பார்க்கலாம். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து 1888-இல் காப்புரிமை வாங்கினார். முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் ரப்பருக்குப் பெரும் தேவையை உண்டாக்கின. நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றிப் பால்மரக் காட்டுக்குக் கொண்டு வந்ததும் அந்தத் தேவைதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு சைக்கிள் நினைவிருக்கும். 28 இன்ச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் இரும்புக் கேரியர். காண்டா வாளியைத் தோளில் சுமந்தவர்களுக்கு சைக்கிள் கிடைத்தது பெரிய விடுதலை. இரண்டு பக்கமும் பால் டின்னைத் தொங்கவிட்டு, மேலே ஒட்டுப்பால் மூட்டையைக் கட்டிச் செம்மண் பாதையில் ஸ்டோர் வரை மிதித்தார்கள். அந்த ஆங்கிலேய வகை சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பியும் பின்சக்கரத்துக்கு 40 கம்பியும் இருக்கும். பாரம் பின்னால்தானே.

அந்தச் சக்கரத்தில் ரிம் டேப் போனால் கடைக்கு ஓடியவர்கள் குறைவு. கிழிந்துபோன பழைய டியூபை எடுத்து, நீளவாக்கில் கத்தரித்து, ஒரு விரல் அகலப் பட்டையாக்கி, வால்வுக்கு ஓர் ஓட்டை போட்டு ரிம்மில் சுற்றிவிடுவார்கள். காசில்லாத வேலை, கச்சிதமான வேலையும்கூட. ஒற்றைச் சுவர் ரிம்முக்கு மெத்தை போன்ற ரப்பர் பட்டைதான் பொருத்தம். அந்த டயருக்கு அடிக்கும் காற்றும் 45, 50 பி.எஸ்.ஐ. அளவுதான். பழைய ஆட்கள் செய்தது தவறே இல்லை.

தவறு எங்கே வருகிறது என்றால், அதே பழக்கத்தை இன்றைய சக்கரத்துக்குக் கொண்டு வரும்போது. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தாமான்களுக்கும் நகர்ந்தபோது சைக்கிளும் மாறிவிட்டது. வீட்டில் இப்போது இருப்பது மலையேறும் வகை சைக்கிளோ 700சி ரக மெல்லிய டயர் சைக்கிளோதான். அப்பா சொல்லிக்கொடுத்த பழைய டியூப் பட்டையை அதன் இரட்டைச் சுவர் ரிம்மில் போட்டால் என்ன நடக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 மி.மீ. அகலத் துளையின் மேல் 100 பி.எஸ்.ஐ. காற்று அழுத்தும்போது, அந்த ஒரு துளையில் மட்டும் டியூபைக் கீழே தள்ளும் விசை ஏறக்குறைய நாலரை கிலோ எடைக்குச் சமம். 40 பி.எஸ்.ஐ. என்றால் இரண்டு கிலோவுக்கும் குறைவு. ரப்பர் இழுபடும் பொருள். நாலரை கிலோ தள்ளலில் அது மெல்ல மெல்லத் துளைக்குள் தொங்கும், கூடவே டியூபும் இறங்கும். ஒரு நாள் அங்கேயே வெடிக்கும். சைக்கிளை யாரும் தொடாமல் வீட்டில் நிறுத்தியிருக்கும்போதே நள்ளிரவில் பட்டென்று சத்தம் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

வெயில் செய்யும் வேலை

25 பாகை வெப்பத்தில் விடியற்காலையில் 100 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெயிலில் நிறுத்தி 50 பாகைக்குச் சூடேறினால் உள்ளே 110 வரை போகும். இந்தப் பத்து மட்டும் டயரை வெடிக்க வைக்காது. ஆனால் அதே சூட்டில் ரப்பர் பட்டை இளகுகிறது, மலிவு பிளாஸ்டிக் வளைகிறது, ஒட்டும் பசை கசிகிறது. அழுத்தம் கூடும் நேரத்திலேயே பாலம் பலவீனமாகிறது.

வெப்பம் சைக்கிள் டயரை என்ன செய்யும் என்பதற்கு இந்த மாநிலத்துச் சாலைகள் பெரிய சாட்சி. 1941 டிசம்பரில் தரையிறங்கிய ஜப்பானியப் படையினர் சைக்கிளில்தான் தெற்கு நோக்கி வேகமாக வந்தார்கள். ஆண்டு முடிவில் கம்பாரில் நான்கு நாள் கடும் சண்டை நடந்தது. அந்தப் படையின் திட்டங்களை வகுத்தவர்களில் ஒருவரான மசநோபு சுஜி பின்னர் எழுதியதில் இது வருகிறது: சூட்டில் டயர்கள் வெடித்தன. ஒட்டுவதற்கு நேரமில்லாதவர்கள் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் தார்ச்சாலையில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டுக் கவச வண்டிகள் வருவதாக எதிர்த்தரப்பினர் எண்ணினார்களாம்.

போர்க் காலம் போகட்டும். இன்று வார இறுதியில் சிம்பாங் பூலாயிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ கேமரன் மலை ஏறும் சைக்கிளோட்டிகள் நிறைய பேர். ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போது ரிம்மை அமுக்கும் பிரேக் வைத்தவர்கள் நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூடு நேராகப் போய்ச் சேருவது ரிம் டேப்பில்தான். மலையிறக்கம் போகிறவர்கள் ரப்பர் பட்டையோடு போகவே கூடாது என்பது என் கருத்து. டிஸ்க் பிரேக் சைக்கிளில் இந்தச் சூட்டுப் பிரச்சினை ரிம்முக்கு வராது.

எந்தப் பட்டை, எதற்கு?

கடையில் நான்கு விதம் கிடைக்கும். ரப்பர் பட்டை முதலாவது. வளையமாகவே வரும், விலை மிகக் குறைவு. ஒற்றைச் சுவர் ரிம் உள்ள பழைய 28 இன்ச் சைக்கிள், பிள்ளைகளின் சிறு சைக்கிள், கூடை வைத்த சந்தை சைக்கிள் ஆகியவற்றுக்குப் போதும். 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கும் சக்கரத்தில் நான் இதைப் போடமாட்டேன்.

இரண்டாவது நைலான் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் வளையம். இழுத்தால் அவ்வளவாக நீளாது, துளைமேல் விறைப்பாக நிற்கும். ஷ்வால்பே நிறுவனத்தின் நீல நிறப் பட்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். மலை சைக்கிளுக்கும் 700சி சைக்கிளுக்கும் தினசரி உபயோகத்துக்கு இதுவே நல்ல தேர்வு. கழற்றித் திரும்பவும் போடலாம், ரிம்மைச் சுத்தம் செய்ய வசதி. பட்டையிலேயே தாங்கும் அழுத்தத்தை அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எந்த எண்ணும் இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் பை நாடா போல மெல்லியதாக இருந்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது பசை தடவிய பருத்தித் துணிப் பட்டை. பிரெஞ்சு நாட்டு வெலோக்ஸ் இதில் பெயர் பெற்றது. துணி இழுபடாது, சூட்டில் இளகாது, ஒட்டியிருப்பதால் நகராது. மலையிறக்கத்துக்கும் அதிக அழுத்தத்துக்கும் இதைவிட நம்பகமானது இல்லை. குறை ஒன்று உண்டு. நம் ஊர் மழைக்குத் துணி ஈரம் குடிக்கும். இரும்பு ரிம்மில் ஒட்டினால் அடியில் துரு பிடிக்கும். அலுமினிய ரிம்முக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது டியூப்லெஸ் பட்டை, மெல்லிய வழுவழுப்பான பசை நாடா. டியூபே இல்லாமல் காற்றை அடைக்க வேண்டியவர்களுக்கு இது. மற்றவர்கள் இதற்கு அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் நம் வெப்பத்தில் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதையும் டியூப்லெஸ்ஸுக்கு மாற நினைப்பவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டில் கிடக்கும் கறுப்பு வயர் டேப் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. அது இழுபடவே செய்யப்பட்டது. ஒரு மாத வெயிலில் பசை கசிந்து, பட்டை சுருண்டு, ரிம் முழுக்கப் பிசுபிசுப்பாகிவிடும். அதைச் சுரண்டி எடுத்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

அளவு: இரண்டு எண்கள்

பட்டைக்கு இரண்டு அளவு உண்டு, விட்டமும் அகலமும். 26 இன்ச் என்று மட்டும் சொன்னால் கடைக்காரருக்கே குழப்பம் வரும். மலை சைக்கிளின் 26 வேறு, பழைய பெண்கள் சைக்கிளின் 26 × 1 3/8 வேறு. டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பதுபோல இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மி.மீட்டரில். நமக்கு வேண்டியது இரண்டாவது எண். மலை சைக்கிளின் 26 என்பது 559. பழைய 26 × 1 3/8 என்பது 590. தோட்டத்துக் கறுப்பு சைக்கிளின் 28 × 1 1/2 என்பது 635. 27.5 என்பது 584. 700சி சைக்கிளும் 29 இன்ச் சைக்கிளும் ஒரே 622தான். பெயர்தான் வேறு. 20 இன்ச்சில் பெரும்பாலான பிள்ளைகள் சைக்கிளும் மடக்கும் சைக்கிளும் 406, சில மடக்கும் சைக்கிள்கள் 451.

விட்டம் பெரிதான வளையத்தை வாங்கினால் தொளதொளவென்று நகரும். சிறிதை வாங்கினால் இழுத்துப் போடும்போதே கிழியும், அல்லது விளிம்பு மேலே சுருளும். பசைப் பட்டைக்கு விட்டக் கவலை இல்லை, சுருளிலிருந்து வேண்டிய நீளம் எடுத்துக்கொள்ளலாம்.

அகலத்தை ரிம்மைக் கழற்றி அளந்தே வாங்க வேண்டும். இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே உள்ள உள் அகலத்தை அளங்கள். ரிம்மில் 622×19 என்று எழுதியிருந்தால் 19 மி.மீ. என்பதே உள் அகலம். டியூப் வைத்து ஓட்டும் சக்கரத்துக்குப் பட்டை அந்த அளவோ ஒன்றிரண்டு மி.மீ. குறைவோ இருக்கலாம். குறுகலான பட்டை முதல் நாள் துளையை மூடியபடிதான் இருக்கும். பிரேக் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் ஒதுங்கிய பிறகு துளையின் ஓரம் திறக்கும். என் அக்காள் மகன் சைக்கிளில் நடந்ததும் இதுதான், 22 மி.மீ. ரிம்மில் 14 மி.மீ. பட்டை. மிக அகலமான பட்டை விளிம்பில் ஏறிக்கொண்டு டயரின் கம்பி ஓரத்தைச் சரியாக உட்காரவிடாது. காற்று அடித்தபின் டயர் ஓரிடத்தில் புடைத்து நிற்கும், அங்கேயே நழுவிக் கழலவும் கூடும். டியூப்லெஸ்ஸுக்கு மட்டும் கணக்கு மாறும். பட்டை ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஏற வேண்டும் என்பதால் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக எடுப்பார்கள்.

போடும் முறை

சக்கரத்தைக் கழற்றுங்கள், டயரையும் டியூபையும் எடுங்கள், பழைய பட்டையை உரித்தெறியுங்கள். இதன் பிறகு பத்து நிமிடம் ரிம்மையே பாருங்கள். பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். துணியைச் சுருட்டி உள்வட்டம் முழுக்க இழுத்தால் எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே கூர் இருக்கிறது. விரலால் தடவாதீர்கள், வெட்டும். ஒற்றைச் சுவர் ரிம்மில் கம்பியின் நுனி நிப்பிளைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். சக்கரக் கோணலை நிமிர்த்தக் கம்பியை முறுக்கிய பிறகு இது அடிக்கடி நடக்கும். நீட்டியிருக்கும் நுனியை அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டும். எவ்வளவு நல்ல பட்டையானாலும் ஊசி முனையின்மேல் போட்டால் தாங்காது. வால்வுத் துளையின் ஓரத்தையும் சேண்ட் பேப்பரால் மழுப்புங்கள்.

இரும்பு ரிம்மில் துரு இருந்தால் சுரண்டி, துடைத்து, ஒரு பூச்சு பெயிண்ட் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அலுமினியத்தைச் சவர்க்கார நீரில் கழுவி வெயிலில் உலர்த்தினால் போதும். இரட்டைச் சுவர் ரிம்மின் வயிற்றுக்குள் தண்ணீர் தங்கியிருக்கும், ஆட்டிப் பார்த்து வடியவிடுங்கள். பசைப் பட்டை ஒட்டுவதாக இருந்தால் கடைசியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலும் பசை பிடிக்காது.

வளையப் பட்டை என்றால், பட்டையிலுள்ள ஓட்டையை ரிம்மின் வால்வுத் துளையோடு பொருத்தி, ஒரு சிறிய ஸ்குரூ டிரைவரை இரண்டிலும் செருகி நிறுத்துங்கள். பட்டை நகராது. பிறகு இரு கையாலும் இரு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டே எதிர்ப்புறம் வரை வந்து கடைசித் துண்டை ரிம்முக்குள் தள்ளுங்கள். முறுக்கிக்கொள்ளக் கூடாது. கெட்டி வளையம் கடைசியில் முரண்டு பிடிக்கும். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் இளகும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், கீறல் விழும். முடித்ததும் முழுச் சுற்றும் பாருங்கள், ஒவ்வொரு துளையின் இரு ஓரத்திலும் பட்டை சமமாக மிஞ்சியிருக்க வேண்டும்.

துணிப் பட்டையில் வால்வு ஓட்டை ஏற்கெனவே இருக்கும். அதைப் பொருத்தி அங்கிருந்து தொடங்கி, இறுக்கமாக இழுத்துக் கட்டை விரலால் அழுத்தியபடியே சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் வால்வை மூடாமல் வெட்டி முடிக்க வேண்டும். டியூப்லெஸ் நாடா என்றால் வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னே தொடங்கி, முழுச் சுற்று வந்து, வால்வைத் தாண்டி இன்னொரு சாண் போய் வெட்டினால் வால்வு இருக்குமிடத்தில் இரட்டை அடுக்கு கிடைக்கும். ஓட்டையைக் கத்தியால் கீறாதீர்கள், கீறல் கிழிந்து நீளும். சூடாக்கிய மெல்லிய ஆணியால் குத்துங்கள், ஓரம் உருகி வட்டமாக நிற்கும்.

வால்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வண்டி வகைத் தடித்த வால்வுக்கு ரிம்மில் 8.5 மி.மீ. துளை, பந்தய சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு 6.5 மி.மீ. துளை. பெரிய துளை ரிம்மில் மெல்லிய வால்வு டியூபைப் போட்டால் சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி வாயைத் திறந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் பட்டையின் ஓட்டையாவது சிறியதாக இருக்க வேண்டும், அல்லது வால்வுக்கு ஒரு சிறு வளையம் போட வேண்டும். வால்வடியில் கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டியூபை உருவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்து, டால்கம் பவுடர் தடவி உள்ளே வையுங்கள். டயரின் கடைசிப் பகுதியைக் கையாலேயே ஏற்றப் பாருங்கள். ஸ்குரூ டிரைவரால் ஏற்றும்போது புது டியூபையும் புதுப் பட்டையையும் சேர்த்துக் கிழிப்பவர்கள் அதிகம். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, டயரின் ஓரம் டியூபைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதிக் காற்று அடித்து, டயரின் பக்கக் கோடு ரிம்மை ஒட்டிச் சமமாக ஓடுகிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகு மீதியை அடியுங்கள்.

எப்போது மாற்றுவது?

துளைகள் இருக்குமிடத்தில் பட்டையில் ஆழமான குழிகள் விழுந்திருந்தால், ஓரம் வெடித்திருந்தால், பசை விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ரப்பர் பட்டை பழசானால் விரலால் இழுக்கும்போதே மயிர்க்கோடுகளாக வெடிப்பு தெரியும். டியூப் கழற்றும் ஒவ்வொரு முறையும் பட்டையைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் இருப்பவர்களும் செம்பனைக் காட்டுச் சேற்றில் ஓட்டுபவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது டயரைக் கழற்றி உள்ளே துருவும் மண்ணும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தோட்டத்து வீட்டில் வருடக்கணக்கில் சாத்தி வைத்த பழைய சைக்கிளைப் பேரப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பவர்கள், டயரும் டியூபும் மாற்றும்போது பட்டையை மறக்க வேண்டாம். அது மற்ற இரண்டையும்விட அதிகமாகக் காய்ந்து போயிருக்கும்.

கடையில் டியூப் மாற்றக் கொடுக்கும்போது, பழைய டியூபைத் திருப்பிக் கேளுங்கள். ஓட்டை எந்தப் பக்கம் என்று வீட்டில் பார்க்கலாம். உள்வட்டத்தில் என்றால் அடுத்த நாளே சக்கரத்தோடு போய், ‘ரிம் டேப் மாற்றுங்கள், உள் அகலம் இவ்வளவு’ என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணோடு கேட்பவருக்குக் கைக்கு வந்த பட்டையை எடுத்து மாட்டிவிட மாட்டார்கள்.

வழியில், கடையே இல்லாத இடத்தில் பட்டை கிழிந்தால் என்ன செய்வது? ஓட்டையான பழைய டியூப் கையில் இருக்குமே, அதிலிருந்து விரல் நீளத் துண்டு வெட்டித் திறந்த துளையின்மேல் வையுங்கள். துணியால் ஆன மருந்துப் பிளாஸ்டர் இருந்தால் அதன்மேல் ஒட்டுங்கள். டயர் கிழிந்த இடத்தில் ஒரு ரிங்கிட் தாளை மடித்து வைத்து வீடு வந்தவர்கள் உண்டு. அந்தத் தாள் பிளாஸ்டிக் வகை என்பதால் ஈரத்திலும் தாங்குகிறது. எதை வைத்தாலும் காற்றை வழக்கத்தில் பாதி அளவே அடித்து, பாரத்தை இறக்கி, குழி பார்த்து மெதுவாக ஓட்டி வர வேண்டும். இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள்.